மாதிரி மேசை

பிப்ரவரி 3, திங்கள்

பல்கலைக்கழகப் பணியில் இனி எதுவும் என்னை வியப்பில் ஆழ்த்தாது என்று நம்பியிருந்தேன். காலைத் தேநீர் ஆறுவதற்குள் அந்த நம்பிக்கை தகர்ந்தது.

நிர்வாகத்திடமிருந்து சுற்றறிக்கை. தாவரவியல் துறைக் கட்டடத்தில் பழுதுபார்ப்பு நடக்கவிருப்பதால் ஆசிரியர்கள் தத்தம் இல்லங்களிலிருந்தே பணியாற்றலாமாம். கூடவே ஓர் இணைப்பு: ‘உணவு மேசை: உணவுக்கு அப்பாலும்!’ வண்ணப் படங்கள். பூச்சாடி, மடிக்கணினி, பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். மேசை என்பது சாப்பிட மட்டுமல்ல! அதுவே உங்கள் அலுவலகம்! வாசிப்பறை! கைவினைக்கூடம்! கலந்துரையாடல் அரங்கு! மாலையில் துணி தேய்க்கலாம்! விடுமுறையில் பிள்ளைகளோடு சதுரங்கம் ஆடலாம்! வரிக்கு வரி ஆச்சரியக்குறி. உலகில் எதையுமே வியந்து பார்த்திராதவர்களால்தான் ஆச்சரியக்குறியை இவ்வளவு தாராளமாகச் செலவிட முடியும்.

இயற்றியவர் கட்டடங்களுக்கான துணைப் பதிவாளர். எல்லோருக்கும் அவர் ‘பல்லழகர்’. அந்தச் சிரிப்பு சுவரில் ஒட்டிய விளம்பரத் தாளைப் போன்றது. எந்த மழைக்கும் கிழியாது.

இவையெல்லாம் நகைப்புக்குரியவை, அவ்வளவுதான். கடைசிப் பத்தி நகைப்புக்குரியதன்று. உலர்தாவரத் தொகுப்பையும் ஆசிரியர்கள் ‘பகிர்ந்து’ வீடுகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமாம். நான் அதன் காப்பாளன். செடிகளை அழுத்தி, உலர்த்தி, கெட்டித் தாளில் தைத்து, இடமும் நாளும் குறித்து, எங்களுக்கு முன் மூன்று தலைமுறை ஆசிரியர்கள் சேர்த்துவைத்த தாள்கள். அவற்றுக்கு வேண்டியதெல்லாம் ஈரமும் பூச்சியும் எட்டாத ஓர் அறை. துறையின் மாடிக்கூடத்தில் இருந்தால் அவை இன்னும் பல தலைமுறை நிற்கும். வீடுகளில் சில மழைக்காலம் நிற்கும், பிறகு தூள்.

‘தற்காலிகமாக’ என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

என் பங்குக்குப் புற்கள். நான்கு எஃகு அலமாரிகள் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரோரம். பிரித்துப் பார்க்கவேண்டிய கட்டுகள் எல்லாம் உணவு மேசைமேல்.

இரண்டு பேர் வாழும் வீட்டில் எட்டுப் பேர் உட்காரும் மேசை; மனைவியின் தேர்வு. பல்லழகரின் கண்டுபிடிப்புகளை அவள் எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் செயல்படுத்தி வருகிறாள் என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும். ஒரு முனையில் போர்வை மடித்துப் போட்டு இஸ்திரி. இன்னொரு முனையில் திரைச்சீலைக்கு அளவெடுத்து வெட்டுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்வீட்டுக்காரியோடு சீட்டு. பல்பு மாற்ற மேலே ஏறி நிற்பதும் அதில்தான். மேசையின் உரிமையாளர் யார் என்ற கேள்வி இந்த வீட்டில் எழுந்ததே இல்லை. நான் அதில் வாடகையின்றிச் சாப்பிட்டு வந்தவன்.

இன்று விதிகளை அறிவித்தேன். மேசைமேல் உணவு கூடாது; தண்ணீர் கூடாது; இஸ்திரி கூடாது. முக்கியமாக, எதையும் நகர்த்தக் கூடாது.

“அப்ப நாம எங்க சாப்பிடறது?”

சுற்றறிக்கையில் இதற்கு விடை இல்லை என்றேன்.

“சரி சார்” என்றாள். முப்பதாண்டு மணவாழ்வில் அந்த ‘சார்’ எனக்குக் கிடைப்பது, அவள் எதையோ தள்ளிவைக்கிறாள் என்பதன் அடையாளம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சோபாவில், மடியில் தட்டு. குழம்பு என் சட்டையில். பல்லழகர் தம் வீட்டில் எதன்மேல் சாப்பிடுகிறார்?

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆய்வு மாணவி இப்போது தினமும் இங்கே வருகிறாள். அவளுடைய ஆய்வு முழுவதும் ஆற்றங்கரைப் புற்களைப் பற்றியது. தாள்களைப் பார்க்காமல் ஓர் அத்தியாயமும் முடியாது. மேசையின் ஜன்னல் பக்கம் அவளுக்கு; விளக்குப் பக்கம் எனக்கு. பல்லழகரின் ‘கலந்துரையாடல் அரங்கு’ நிறைவேறிவிட்டது!

(ஆச்சரியக்குறி தொற்றுநோய் போலிருக்கிறது.)

மதியம் அவள், அலுவலகத்துக்கு விடுப்பு போட்டிருந்த மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எங்க வீட்ல கேக்கறாங்க ஆன்ட்டி, புல்லுல போய் என்னடி ஆராய்ச்சின்னு.”

“நான் கல்யாணம் ஆன நாள்லேந்து அதைத்தான் கேட்டுட்டிருக்கேன். பதில் கெடைச்சா எனக்கும் சொல்லும்மா.”

இருவரும் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டார்கள். சிரிப்பும் சேர்ந்தே கேட்டது. என் தொகுப்பு அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

பிப்ரவரி 26, புதன்

பாசியின் வீட்டுக்குப் போனேன். நீர்ப்பாசி நிபுணர், முப்பதாண்டு நண்பர், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் பங்குக்கு வந்தவை மூலிகைத் தாள்கள். வீட்டில் நான்கு பிள்ளைகள், ஒரு மாமியார், ஒரு மேசை. மேசையைப் பிள்ளைகள் படிக்கக் கேட்டுவிட்டார்கள். தாள்கள் குளியலறைக்குப் போகும் நடையில்.

மேல்கட்டைப் பிரித்தேன். விரலில் சாம்பல் நிறப் பூசணம்.

“என்னய்யா பண்ணச் சொல்ற? கட்டிலுக்கு மேல மாமியாரு, கட்டிலுக்குக் கீழ பிள்ளைங்க சைக்கிளு. உன்னை மாதிரி எட்டடி மேசை எனக்கு யார் தருவா?”

“பல்லழகருக்கு எழுதினீரா?”

“எழுதினேன். ‘நடையையும் ஆக்கபூர்வமாகப் பயன்படுத்தும் தங்கள் முயற்சிக்குப் பாராட்டுகள்’னு பதில் வந்துச்சு.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூறு ஆண்டு காத்த தாளுக்குக் குளியலறை நீராவி. ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று அவரைக் கடிந்துகொண்டேன். பேருந்தில் திரும்பும்போது, அவரைக் கடிந்தது பல்லழகரைக் கடிந்ததற்குச் சமம் ஆகாது என்று தோன்றியது. ஆனால் பல்லழகர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

வண்டு.

மிளகு அளவுகூட இல்லை, பழுப்பு, தொட்டால் செத்ததைப் போல் கிடக்கும். தாளிலும் வாழும், மாவிலும் வாழும். உலர்தாவரத்துக்கும் சமையலறைக்கும் பொதுவான எதிரி இது ஒன்றுதான். அந்த இரண்டையும் ஒரே கூடத்தில் கொண்டுவந்து சேர்த்த மேதைமை எங்கள் நிர்வாகத்துக்கே உரியது. மனைவியின் மாவு டப்பாவிலிருந்து என் தாளுக்கு வந்ததா, என் தாளிலிருந்து அவள் டப்பாவுக்குப் போனதா? இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினோம்.

“என் சமையக்கட்டுல ஒரு எறும்பு பாத்திருக்கீங்களா இதுவரைக்கும்?”

பார்த்ததில்லை. உண்மை. இந்தக் குடியிருப்பிலேயே அவள் சமையலறை பெயர்பெற்றது.

வண்டைக் கொல்ல ஒரே வழி, கட்டுகளை உறையிலிட்டு உறைநிலையில் வைப்பது. ஃப்ரீசரில் மீனை ஒதுக்கிப் புற்களை அடுக்கினேன். அலமாரிகளில் அந்துருண்டை. இரவுச் சோற்றில் அந்துருண்டை மணம். தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

பல்லழகர் வெள்ளிக்கிழமை வருகிறாராம். வீட்டுப் பணியிடங்களை ‘நேரில் கண்டு மதிப்பிட’. அதன்பேரில்தான் மாடிக்கூடத்தைத் திருப்பித் தருவது பற்றி முடிவெடுப்பார்களாம்.

வரட்டும். ஒரு தொகுப்பு எவ்வாறு பேணப்படவேண்டும் என்பதை அந்த மனிதர் வாழ்வில் ஒருமுறையாவது பார்க்கட்டும். கண் கூசிப்போகட்டும். மேசைக்கு வெள்ளைப் பஞ்சுத்தாள் விரிக்கிறேன். தாள்களை இனவாரியாக ஒழுங்குபடுத்துகிறேன். விளக்கு, உருப்பெருக்கி, இடுக்கிகள், எல்லாம் அளந்துவைத்த வரிசையில்.

மனைவி இஸ்திரிப் பெட்டியோடு நின்று பார்த்தாள். இப்போதெல்லாம் தரையில் உட்கார்ந்துதான் தேய்க்கிறாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க இவ்வளவு அழகா பண்ணிக் காமிச்சா, அவங்க ஏன் எடத்தைத் திருப்பிக் குடுப்பாங்க?”

“தரத்தைப் பார்த்தால்தான் தரம் எதுவென்று தெரியும்.”

“பாசி அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த நடையைப் பாக்கட்டும்.”

குளியலறை நடையைக் காட்டிப் பிச்சை கேட்பதா? நீர்வழங்கல் வாரியத்தின் புகார்ப் பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்தவளுக்கு உலகமே ஒழுகும் குழாயாகத் தெரிகிறது. அறிவாளர் உலகம் வேறு என்று விளக்கினேன்.

“சரி சார்” என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

வந்தார், பார்த்தார், வாயடைத்துப் போனார். பத்து நொடி அந்தப் பற்கள் மறைந்திருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

“சார்! இது வீடு இல்ல சார், மியூசியம் சார்! நம்ம கூடத்துல கூட இவ்வளவு நீட்டா இருந்ததில்ல!” சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். என்னை விளக்கடியில் உட்காரவைத்து உருப்பெருக்கியைக் கையில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். ஆய்வு மாணவியைப் பக்கத்தில் நின்று தாளைப் பார்ப்பதுபோல் பார்க்கச் சொன்னார். அவள் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள், அது படத்துக்குப் பொருந்தவில்லையாம்.

தொகுப்பின் தேவைகளை அரைமணி நேரம் எடுத்துரைத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அறியாமையைப் பணியவைக்க ஒரே கருவி மேன்மைதான். பாசிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சும்மாவா சொன்னாங்க” என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்ததோ?

மார்ச் 25, செவ்வாய்

உத்தரவு வந்தது.

‘...இல்லச் சூழலிலேயே தொகுப்பு மிகச் சிறந்த முறையில் பேணப்படுவது நேரடி மதிப்பீட்டில் உறுதியானதால், மாடிக்கூடம் நிரந்தரமாகப் புத்தாக்க மையத்துக்கு ஒதுக்கப்படுகிறது. காப்பாளரின் இல்லம் மாதிரிப் பணியிடமாக அறிவிக்கப்படுகிறது.’

சுற்றறிக்கையின் புதிய பதிப்பும் வந்திருக்கிறது. அட்டையில் பூச்சாடிப் பெண் இல்லை. நான். கையில் உருப்பெருக்கி. ‘இவரால் முடிந்தது, உங்களாலும் முடியும்!’

என்னத்தைச் சொல்ல? நானே விரிச்ச பஞ்சுத்தாள். நானே துடைச்ச விளக்கு. போட்டோவுக்கு நிமிந்து வேற உக்காந்தேனே. தலையைச் சாய்ச்சு — கொஞ்சம் இடப்பக்கம், சார் — சாய்ச்சேனே!

கூடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழுதுபார்ப்பு ஏதும் நடந்த அடையாளம் இல்லை. அலமாரிகள் நின்ற இடத்தில் மஞ்சள், பச்சை, சிவப்பில் உருண்டை மெத்தைகள். ஓர் இளைஞர் மெத்தையில் சரிந்து உறங்கிக்கொண்டிருந்தார். புத்தாக்கம்.

மனைவி உத்தரவைப் படித்தாள். நான் சொன்னேன் இல்ல, என்று கேட்பாள் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

மார்ச் 26, புதன்

பாசியின் தாள்களில் ஒரு கட்டு முழுவதும் போய்விட்டது. அவர் அழைத்துச் சொன்னார். நான் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வெட்கக்கேடு முடியவில்லை. துணைவேந்தர் வருகிறாராம், இரண்டு நன்கொடையாளர்களோடு. மாதிரி மேசையைக் காட்ட! மிச்சமிருக்கும் துறைகளின் கட்டடங்களையும் இப்படியே காலி செய்வதற்கு அந்த நன்கொடையாளர்கள் உதவுவார்களாம். நான் அவர்களுக்குக் காட்சிப்பொருள். கூண்டுக்குள் தானாகவே நடந்துபோன விலங்கு.

ஒரு விண்ணப்பம் எழுதுகிறேன். துணைவேந்தரின் முகத்துக்கு நேரே வாசிப்பேன். ஈரப்பதம், பூச்சியியல், தொகுப்பின் அறிவியல் மதிப்பு, மறுக்கமுடியாத வாதங்கள், நான்கு பக்கம். மாணவி படித்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றாள். “ஆனா அவங்க கேப்பாங்களா சார்?” கேட்கவைப்பது என் பொறுப்பு என்றேன்.

மனைவி அன்றைக்கு விடுப்பு எடுத்திருக்கிறாளாம். எதற்கு என்றேன். “வீட்டுக்கு ஆளுங்க வராங்கல்ல?” என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

மாலையில்தான் எழுத உட்கார்கிறேன்.

அவர்களை வரவேற்க வாசலுக்கு இறங்கினேன். சட்டைப்பையில் விண்ணப்பம். மேலே வந்து கதவைத் திறந்தால் வறுத்த மீன் வாசம். அதன்மேல் அந்துருண்டை வாசம். மேசைமேல் என் தாள்கள், நான் வைத்த வரிசையிலேயே. தாள்களுக்கு நடுவே தட்டுகள். குழம்புக் கிண்ணங்கள். தண்ணீர் டம்ளர்கள். மாணவி தலைகுனிந்து கரண்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்க வாங்க! இருக்கற எடத்துல உக்காருங்க. ஆனா எதையும் நகர்த்திடாதீங்க, அவர் கோச்சுப்பார்” என்றாள் மனைவி.

துணைவேந்தர், “இல்லம்மா, நாங்க சும்மா பாத்துட்டு...” என்று இழுத்தார்.

“அதெப்படிங்க? உணவு மேசையைத்தானே பாக்க வந்தீங்க? சாப்பிடாம போனா எப்படி?”

உட்கார்ந்தார்கள். முழங்கையைத் தூக்கினால் ஒரு தாள், இறக்கினால் இன்னொரு தாள். பல்லழகர் ஒரு நாற்காலியின் விளிம்பில், ஏதோ மழையில் ஒதுங்கியவரைப்போல. நான் நின்றேன். என் வீட்டில், என் கண்ணெதிரே, என் மனைவி...

நன்கொடையாளர்களில் ஓர் அம்மையார் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். “தண்ணி ஒரு மாதிரி...?”

“அந்துருண்டைங்க. ஒரு வாரத்துல பழகிடும். எங்களுக்கு இப்ப அந்த வாசம் இல்லன்னா சோறே எறங்கறதில்ல.”

அதோடு நிற்கவில்லை. இனிப்புக்கு ஐஸ்கிரீம் எடுக்கிறேன் என்று ஃப்ரீசரை அவர்கள் பார்க்கத் திறந்தாள். “கீழ மீனு, மேல புல்லு. வண்டு சாகறதுக்காக வெச்சிருக்கார். ஐஸ்கிரீம் நடுவுல இருக்கு, பயப்படாதீங்க.” அம்மையார் கரண்டியைக் கீழே வைத்தார்.

அப்போது அது வந்தது. அழைத்துவைத்ததுபோல. தாள்கட்டு ஒன்றிலிருந்து இறங்கி, பஞ்சுத்தாளைக் கடந்து, துணைவேந்தரின் தட்டு விளிம்பில் ஏறியது ஒற்றை வண்டு. அவர் திடுக்கிட்டுக் கையை உதறினார். கரண்டி பறந்தது. குழம்பு ஒரு தாளின் மேல் பரவியது.

என் தொண்டையிலிருந்து வந்த ஒலிக்கு எழுத்து இல்லை.

துணைவேந்தர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பல்லழகரைப் பார்த்தார். “இதைத்தான் மாதிரின்னு அட்டையில போட்டீங்களா?”

அந்தச் சிரிப்பு கிழிந்தது. நான் ஆவலோடு எதிர்பார்த்த காட்சி. அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை. மையொற்றும் தாளை எடுக்க ஓடிக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பம் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

கறை போகாது. எண்ணெய் இழையில் இறங்கிவிட்டது. செடிக்குச் சேதமில்லை; தாளின் கீழ்மூலைதான். ஆனால் எந்தத் தாள்! ஆற்றின் தென்கரையில் அந்தப் புல் வளர்ந்த இடத்தில் இன்று லாரி நிறுத்துமிடம். அந்தக் கரைப் புல்லுக்கு உலகில் எஞ்சியிருப்பது இந்த ஒரு தாள்.

அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. என்னுடைய மௌனம் சினத்தால் கட்டியது. அவளுடையது வேலை முடித்தவர்களின் மௌனம். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று கேட்டேன். தாழ்ந்த குரலில், என் குரல் தாழ்வது எதற்கு அறிகுறி என்பது அவளுக்குத் தெரியும்.

“நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா உனக்கு?”

அவள் பால்கனியில் தரையில் உட்கார்ந்து துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“தெரியும். குழாயில சேறு வருதுன்னு தெருவே திரண்டு வந்து எழுதிக் குடுக்கும். அழகா, நம்பர் போட்டு, உங்க விண்ணப்பம் மாதிரியே. ஃபைல் தூங்கும். ஒருநாள் பெரியவர் ஒருத்தர் வீட்டுக் குழாயில சேறு வரும். மறுநாளே ரோட்டைத் தோண்டிடுவாங்க. சர்வீஸ் பூரா இதைத்தான் பாத்தேன்.”

“அதனால?”

“அதனால அவங்க டம்ளர்ல கொஞ்சம் சேறு ஊத்தினேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க பஞ்சுத்தாள் விரிச்சிருப்பீங்க.”

மேசைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: “அந்தத் தாள் போச்சு.”

“தண்ணி வாசமும் ஃப்ரீசரும் போதும்னு நெனைச்சேன். அந்தத் தாளை நான் நெனைக்கல. அது என் தப்புதான்” என்றாள். பெட்டியை எடுத்து, தேய்த்த துணியையே திரும்பத் தேய்த்தாள்.

இதை இகழ்வதற்கு ஒரு சொல் தேடினேன். அகப்படவில்லை.

ஏப்ரல் 23, புதன்

உத்தரவு. முழுதாக எழுதிவைக்கிறேன், இத்தகைய உரைநடை அழிந்துவிடக் கூடாது.

‘காப்பாளரின் இல்லத்தில் நிலவும் தூய்மையற்ற உணவுப் பழக்கங்களையும், அதனால் விருந்தினர்க்கு நேர்ந்த சுகாதாரக் கேட்டினையும் கருத்திற்கொண்டு, தொகுப்பு முழுவதும் உடனடியாக மாடிக்கூடத்துக்கே மாற்றப்பட வேண்டும். மாதிரிப் பணியிட அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது.’

தொகுப்பு முழுவதும். அப்படியானால் பாசியின் நடையில் இருப்பவையும். தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் ‘ஏய்!’ என்று ஒரு கூச்சல், பிறகு பிள்ளைகளின் கூச்சல், பிறகு மாமியாரின் “என்னாச்சு, யாருக்கு என்னாச்சு?” புத்தாக்க மையம் உருண்டை மெத்தைகளோடு பல்லழகரின் அலுவலகத்துக்கு எதிரே போகிறதாம். அங்கே உறங்கட்டும்.

மாலையில் மனைவி வந்ததும் உத்தரவைக் கொடுத்தேன். மேசையருகே நின்று உரக்கப் படித்தாள். ‘தூய்மையற்ற’ என்ற இடத்தில் நின்றாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக வந்த சிரிப்பு.

“அப்ப அதிகாரபூர்வமா நான் அழுக்குப் பொம்பளை.”

அவளைப் பற்றி எதைச் சொன்னாலும் பொறுப்பாள். அவள் சமையலறையைப் பற்றி ஒரு சொல் பொறுக்கமாட்டாள். இந்தச் செய்தி பல்கலைக்கழகம் முழுவதும் பரவியிருக்கும்; கீழ்வீட்டுக்காரியின் கணவர் அங்கேதான் கணக்குப் பிரிவில். நாளைக் காலை படிக்கட்டில் எல்லோரும் அவளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அன்று வறுத்த மீனைக் கிண்ணத்தில் எடுத்துவைத்தபோதே இது தெரிந்துதான் எடுத்துவைத்தாளா?

தெரிந்துதான்.

மறுப்புக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். அந்தச் சொல்லை நீக்கவேண்டும் என்று வலியுறுத்தி.

“எழுதிப் பாருங்க, உங்க கையை ஒடைச்சிடுவேன். அந்த ஒரு வார்த்தையிலதான் ரூம் கெடைச்சிருக்கு.”

எழுதவில்லை.

மே 6, செவ்வாய்

அலமாரிகள் மாடிக்கூடத்தில், பழைய இடத்தில். பாசியின் கட்டுகளில் பூசணம் ஏறாதவற்றைப் பிரித்துவிட்டோம்; இழப்பு இருக்கிறது, ஆனால் நின்றுவிட்டது. மாணவி ஜன்னலோரம் வேலை செய்கிறாள்.

கடைசியாகக் குழம்புக்கறைத் தாளை எடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஒரு தாளில் எது மாறினாலும், யாரேனும் ஆராய்ந்து ஏதேனும் கண்டாலும், செடிக்குப் பக்கத்தில் சிறு சீட்டு ஒட்டுவோம்: என்ன நேர்ந்தது, யாரால், அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், எந்த நாள். பிறகு வருகிறவர்கள் அதை நம்பிப் படிப்பார்கள்.

கறையை மறைத்து ஒட்டலாமா என்று மாணவி கேட்டாள். கூடாது என்றேன். மைப்பேனாவை எடுத்தேன்.

‘கீழ்மூலைக் கறை: குழம்பு. துணைவேந்தர் அவர்களால். ஏப்ரல் 9.’

இதை எழுதியதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நூறாண்டு கழித்தும் அந்த மனிதர் இந்தத் தாளில் குழம்பு சிந்திக்கொண்டிருப்பார்.

பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்தேன். இன்னொரு சீட்டு. இந்தச் சீட்டுகளில் முனைவர் பட்டம் இல்லாத ஒருவரின் பெயர் இதுவரை ஏறியதில்லை. மனைவியின் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினேன். கீழே, வழக்கப்படி, நிறுவனம்: நீர்வழங்கல் வாரியம், புகார்ப் பிரிவு.

என்ன செய்தார் என்பதற்கான இடத்தில் ‘இத்தொகுப்பை மீட்டவர்’ என்று எழுதி, பசை காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன்.